சூசையப்பரும் யூதாசும்

செப்டம்பர் 18, திங்கள்

ஆறு வாரத்துக்குக் கம்ப்யூட்டர் கூடாது, செல்போன் கூடாது, டி.வி. கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். டைரி எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்திருப்பார். எனவே தடித்த பேனாவால், புரை விழுந்த இடது கண்ணை நம்பி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி பெரிது பெரிதாக எழுதுகிறேன்.

வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் ஆனது. உள்ளே வாயுவை அடைத்திருக்கிறார்கள், அது திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று பத்து நாள் குப்புறப் படுக்கப் போட்டார்கள். சாப்பாடு குப்புற, ஜெபமாலை குப்புற. நேற்றுத்தான் நிமிர விட்டார்கள். திருச்சியில் இத்தனை வருடம் பாங்கு மேனேஜராக இருந்தபோது யாருக்கும் தலை குனிந்ததில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குனிந்தாகிவிட்டது.

இந்தப் பத்து நாளும் சந்தை என் வீட்டுக்குள் வந்தது என் மனைவி ரெஜினாவின் வாய் வழியாகத்தான். ஓய்வு பெற்றபின் பங்கு விலைப் படங்களைப் பார்ப்பதும், அதைச் சனிக்கிழமை வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும்தான் எனக்கு எல்லாம். அது இல்லாமல் என்னால் இருக்க முடியாது. கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து, என் செல்போனைப் பார்த்து, அவள் கண்ணில் பட்டதைப் பட்டபடி சொல்வாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

செப்டம்பர் 20, புதன்

முதல் நாள் அவளுக்குச் சொன்னது இவ்வளவுதான். ஒரு நாள் வியாபாரத்துக்கு ஒரு கேண்டில். விலை தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் நடுவே தடித்த உடம்பு. நாள் நடுவில் விலை எட்டிப் பார்த்துத் திரும்பிய உயரமும் ஆழமும் மேலும் கீழும் மெல்லிய கோடாக நிற்கும். ஏறி முடிந்தால் பச்சை, இறங்கி முடிந்தால் சிவப்பு.

"அட, மெழுகுதிரிதானே" என்றாள். கோயிலில் பீடத்துக்குப் பூவும் திரியும் வைக்கிற வேலையைக் கல்யாணமானதிலிருந்து செய்கிறவள். அதற்குப் பிறகு மேல்திரி, கீழ்திரி, குட்டை, நெட்டை என்று அவள் பாட்டுக்குச் சொல்ல ஆரம்பித்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்குப் படம் அப்படியே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் சில நாள் திரையில் பார்ப்பதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

பழைய ஏற்ற இறக்கமெல்லாம் என் மண்டைக்குள் இருக்கிறது. கடைசி நாலைந்து திரியை மட்டும் அவள் சொன்னால் போதும். அவளுக்கும் அவ்வளவுதான் காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 23, சனி

இன்று வகுப்பு. மேலப்புதூரில் ஹபிபுல்லாவின் பங்குத் தரகு ஆபீசுக்கு மேல்மாடியில் நடக்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நான் பேசுவது, ரெஜினா போர்டில் வரைவது என்று ஏற்பாடு.

பாடம்: போக்கு திரும்புவதைக் காட்டும் கேண்டில்கள். விலை இறங்கிக்கொண்டே வந்து, ஒருநாள் கீழ்திரி நீளமாக, உடம்பு உச்சியில் சின்னதாக ஒரு கேண்டில் விழுந்தால் அதற்குச் சுத்தியல் என்று பெயர். இறக்கம் முடிந்து ஏறக்கூடும். அதே உருவம், ஒரு கோடு மாறாமல், நீண்ட ஏற்றத்தின் உச்சியில் விழுந்தால் அதற்குத் 'தொங்கும் மனிதன்' என்று பெயர். இனி இறக்கம் வரலாம். உருவத்தைப் பார்க்காதீர்கள், அது நிற்கிற இடத்தைப் பாருங்கள் என்று ஒரு மணி நேரம் தொண்டை வற்றக் கத்தினேன். வழக்கம்போல் எருமை மாட்டின் மேல் மழை பெய்தது.

ரெஜினா போர்டில் வரைந்துகொண்டே, யாரிடமோ தனியாகச் சொல்வது போலச் சொன்னாள். "கீழ நின்னா அவரு சூசையப்பர். ஏசுவை வளத்த தச்சரு, கையில சுத்தியல் வெச்சிருக்காரு, தட்டிக் கொட்டி நிமித்திருவாரு. அதே ஆளு உச்சியில நின்னா யூதாஸ். முத்தம் குடுத்துட்டுத் தொங்கிருவான்."

மாடியே சிரித்தது. சிரித்து முடித்ததும் அத்தனை பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கிறிஸ்தவர் என்று பார்த்தால் அங்கே நாலு பேர்கூட இல்லை. பெரிய கேண்டில் முந்தின நாளின் சின்னக் கேண்டிலை முழுசாக மறைப்பதற்கு நான் மூன்று வருடமாக 'விழுங்கல் அமைப்பு' என்று சொல்லிவருகிறேன். அவள் அதற்கு யோனா என்று பெயர் வைத்துவிட்டாள். மீன் வயிற்றுக்குள் போனவர். எங்களுக்கு அவர் யூனுஸ் நபி டீச்சரம்மா என்று ஹபிபுல்லா வாசலில் நின்று சொன்னார். டீச்சரம்மாவாம்.

செப்டம்பர் 25, திங்கள்

ரசத்தில் உப்பு தூக்கல். சொன்னேன். இல்லையே என்றாள். வாய்த்தர்க்கம்.

செப்டம்பர் 30, சனி

இன்று நான் பேசப் பேசப் பிள்ளைகள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவள் தலையாட்டினால் எழுதுகிறார்கள். என் வகுப்பில் என் வார்த்தைக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

இடைவேளையில் டீயைக் கொண்டுவந்து முதலில் அவளிடம் நீட்டினார்கள். அவள் அதை வாங்கி என் கையில் கொடுத்தாள். இந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஆகாது.

புதிதாக ஸ்டெல்லாவும் வந்திருந்தாள். எங்கள் அன்பியத்துப் பெண். வாராவாரம் தெருவில் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்கிற கூட்டம்தான் அன்பியம். ரெஜினா அதற்குத் தலைவி. ஸ்டெல்லா கோயிலுக்குப் பின்தெருவில் மாவு மில் வைத்திருக்கிறாள். புருஷன் ஒரு பம்பு கம்பெனியில் வேலை பார்த்துச் செத்துப்போனார். அந்தக் கம்பெனிப் பங்குகளைத்தான் அவளுக்கென்று விட்டுப்போயிருக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொள்கிறாளாம். எங்கள் பங்கில் சாமியார் ஞாயிற்றுக்கிழமை "பங்கு மக்கள் கவனத்துக்கு" என்று அறிவிப்பு வாசித்தால், இனிமேல் அது கோயில் பங்கா சந்தைப் பங்கா என்று கேட்க வேண்டியிருக்கும் போல.

அக்டோபர் 4, புதன்

காலையில் பல் தேய்த்துவிட்டு மாடியில் நின்றேன். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணி தெரிந்தது. துணியில் மாட்டிய கிளிப் தெரிந்தது. கிளிப்பின் நிறம் தெரிந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன்.

கீழே போய்ச் சொல்லத்தான் இறங்கினேன். ரெஜினா முக்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, செல்போனைத் துடைத்துக்கொண்டு, எனக்காக உட்கார்ந்திருந்தாள். சந்தை தொடங்கும் நேரம். அப்போது சொல்லத் தோன்றவில்லை. வகுப்பில் இருப்பவர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள், அவள் நாள் முழுக்க யார் யாருக்கோ படம் சொல்கிறாள். எனக்கு மட்டும் என்று இருப்பது இந்தக் காலை நேரம்தான்.

அக்டோபர் 7, சனி

ஹபிபுல்லா ஆட்டோ அனுப்பியிருந்தார். அவளுக்கு மட்டும். சார் இன்னும் ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுக்கட்டும், டீச்சரம்மா சமாளிச்சுக்குவாங்க என்று போனில் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். போகட்டுமா என்று ரெஜினா என்னைக் கேட்டாள். போ, எனக்கென்ன என்றேன். எனக்கென்ன என்றால் போகாதே என்று அர்த்தம் என்பது முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியும். தெரிந்தும் போனாள். நீலப் புடவை கட்டிக்கொண்டு போனாள்.

மாலை வந்து, ஒரு சிமெண்ட் பங்கில் யோனா விழுந்ததாம், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம், முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆமாம், எரிந்தது, என் டைரியில் நான் எழுதாமல் யார் எழுதுவது. நான் தொடங்கிய வகுப்பு அது. சாக்பீஸ் வாங்கியதிலிருந்து நான். கை தட்டுகிறார்கள் அவளுக்கு. தலைவலி என்று சொல்லிப் படுத்துவிட்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

கண் பரிசோதனை. ஜெபமாலை மாதம், ஸ்டெல்லா வீட்டில் இன்று ஜெபம், தலைவி இல்லாமல் முடியாதாம். தனியாக ஆட்டோ பிடித்துப் போனேன்.

போர்டில் கடைசிக்கு முந்தின வரிவரை வாசித்தேன். டாக்டருக்கு என்னைவிடச் சந்தோஷம். கையைப் பிடித்துக் குலுக்கினார். தினம் அரை மணி நேரம் செல்போன் பார்க்கலாம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ரெஜினா ஓடிவந்து கேட்டாள். இன்னும் மங்கல்தான், நாளாகுமாம் என்றேன். பரவாயில்லைங்க, நான் இருக்கேன்ல என்று சொல்லிச் சொட்டு மருந்து விட்டாள். மருந்து எரிந்தது.

அக்டோபர் 13, வெள்ளி

சந்தை முடிந்ததும் ஸ்டெல்லா வந்தாள். மில் இருக்கிற கடையை அதன் சொந்தக்காரர் விற்கப்போகிறார். இருபது வருடமாக அங்கேயே இருப்பதால் முதலில் உனக்குத்தான் கேட்கிறேன், மாதக் கடைசிக்குள் முன்பணம் தந்தால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். பம்பு கம்பெனிப் பங்கை இன்றைய விலைக்கு விற்றால் முன்பணம் சரியாக வரும். கொஞ்சம் பொறுத்து விலை ஏறினால் பத்திரச் செலவுக்கும் சேர்ந்துவிடும். திங்கட்கிழமை விற்கவா, பொறுக்கவா என்பதுதான் கேள்வி. என்னை ஒரு வார்த்தை விசாரித்தாள். கேள்வியை ரெஜினாவிடம் கேட்டாள்.

ரெஜினா படத்தைப் பார்த்தாள். நாலு நாள் சிவப்பு, சின்னச் சின்னதாக இறக்கம், இன்று கீழ்திரி நீண்டு உச்சியில் குட்டி உடம்பு. சூசையப்பர்தான் ஸ்டெல்லா, ஏறும் போலத் தெரியுது என்றாள். சொன்னவள் அதோடு விடவில்லை. "இரு, எனக்கு எட்டாததெல்லாம் இவருக்குத் தெரியும். என்னங்க, கொஞ்சம் கிட்ட வெச்சுப் பாருங்களேன், தெரியுதா?" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டெல்லாவுக்குக் காபி போடப் போனாள். ஸ்டெல்லாவும் பின்னாலேயே அடுப்படிக்குப் போனாள். இரண்டு பேரும் அங்கே ஏதோ பேசிச் சிரித்தார்கள்.

படத்துக்கு மேலே ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் நாளுக்கொரு கேண்டில் போய், வாரத்துக்கு ஒரு கேண்டில் வரும். ரெஜினாவுக்கு அதைக் காட்டிக்கொடுத்ததில்லை. தொட்டேன்.

ஏழெட்டு மாதமாக நிற்காத ஏற்றம். அவள் பார்த்த நாலு நாள் இறக்கம் அதில் ஒரு கீறல்கூட இல்லை. ஏற்றத்தின் உச்சியில் இந்த வாரத்தின் கேண்டில் நின்றது. கீழ்திரி நீளம், மேலே குட்டி உடம்பு. நாள் படத்தில் சூசையப்பர். வாரப் படத்தில் யூதாஸ்.

மறுபடியும் பொத்தானைத் தொட்டு, படத்தை அவள் வைத்திருந்தபடியே வைத்தேன்.

காபியோடு வந்தார்கள். என்னங்க என்றாள். "ஒண்ணும் தெரியல, மங்கலா இருக்கு. உனக்குத் தெரியாததா" என்றேன். ஸ்டெல்லா பொறுப்பது என்று முடிவாயிற்று. காபி நன்றாக இருந்தது.

அக்டோபர் 14, சனி

அவள் வகுப்புக்குப் போனாள். கேண்டில் என்பது வெறும் குறிப்புத்தானே, யூதாஸ் வந்தும் ஏறிய பங்குகள் எத்தனையோ உண்டு, அடுத்த கேண்டிலைப் பார்க்காமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டேன். இது என் பாடத்திலேயே இருக்கிற விஷயம்தான்.

அக்டோபர் 16, திங்கள்

இறங்கியது. கொஞ்சம்தான்.

அக்டோபர் 18, புதன்

நேற்றும் இறக்கம், இன்று பெரிய இறக்கம். ரெஜினாதான் படத்தை எனக்குச் சொன்னாள். நீளச் சிவப்பு, திரியே இல்லை, வெறும் உடம்பு என்றாள். மத்தியானம் அவள் சாப்பிடவில்லை. ஸ்டெல்லா நாலு தடவை போன் செய்தாள். ரெஜினா ஒவ்வொரு தடவையும் மாடிக்குப் போய்ப் பேசினாள். நான் பின்னால் போய் நிற்கவில்லை.

எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. ரொம்ப இல்லை. கைதட்டினார்களே, இப்போது தட்டட்டும் என்கிற அளவு. பிறகு ஸ்டெல்லாவின் முகம் ஞாபகம் வந்து அது அடங்கிவிட்டது.

அக்டோபர் 20, வெள்ளி

ஸ்டெல்லா கிடைத்த விலைக்கு விற்றுவிட்டாள். கடைக்காரர் கேட்ட முன்பணத்தில் முக்கால்வாசிகூட வரவில்லை. மீதியைப் புரட்ட முடியாது என்று அவளே சொல்லிவிட, பழைய பேப்பர் வியாபாரி ஒருவர் கடையை முடித்துவிட்டார். மில்லைக் காலி பண்ண வேண்டும்.

சாயங்காலம் ரெஜினா கூடத்துத் தரையில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தாள். எங்கே தப்பு விட்டேன் என்று தேடுகிறாள். தேடித் தேடி அந்தப் பொத்தானில் கை பட்டுவிட்டது. பிறகு போனை என் பக்கம் காட்டி, இது வாரத்துக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதை ஏன் எனக்குச் சொல்லித்தரலை என்று கேட்டாள். நீ கேட்கலையே என்றேன். அவள் எழுந்து போய் அரிசி களைந்தாள்.

அக்டோபர் 21, சனி

வகுப்புக்குப் போகவில்லை. ஹபிபுல்லாவுக்குப் போன் செய்து, இனிமேல் வரமாட்டேன், எனக்கு அரைகுறை அறிவு என்று சொன்னாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். அரைகுறை இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 26, வியாழன்

கண் பரிசோதனை. இந்த முறை ரெஜினா கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். வீட்ல உக்காந்து என்ன செய்யப் போறேன் என்று கிளம்பிவிட்டாள்.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் அருமையாக இருக்கிறது என்றார். "போன தடவையே கடைசிக்கு முந்தின வரி வரைக்கும் வாசிச்சீங்களே சார். செல்போன் பாக்க ஆரம்பிச்சீங்களா? அரை மணி நேரம் பாக்கலாம்னு சொன்னேனே." ரெஜினா அடுத்த நாற்காலியில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் ம் என்றேன்.

ஆட்டோ பாலக்கரை வந்தது. சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"அன்னிக்கு நான் காபி போடப் போனேன்ல. அப்ப அந்தப் பொத்தானை அமுக்கிப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன். இறங்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

காலையில் முக்காலி சுவரோரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. போன் என் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. சந்தை தொடங்கியது. நானே பார்த்தேன். எல்லாம் தெரிந்தது. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

பதினொரு மணிவாக்கில் ஹபிபுல்லா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு பவ்யம். சார், விஷயம் இப்பத்தான் தெரிஞ்சுது, அரைக் கண்ணை வெச்சுக்கிட்டே வாரப் படத்தைப் பார்த்து வேண்டாம்னு சொன்னீங்களாமே, டீச்சரம்மாதான் கேட்காம, ஸ்டெல்லாகிட்ட சொல்லாமலே விட்டுட்டாங்களாமே, என்றார். நேற்று சாயங்காலம் ஸ்டெல்லா வீட்டு ஜெபமாலையில் எல்லாப் பெண்கள் முன்னாலும் ரெஜினாவே அழாமல் சொன்னாளாம். என் தப்புத்தான், ஸ்டெல்லா போனப்புறம் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்துச் சொன்னார், நான் கேட்கலை என்று. ஊர் முழுக்க இப்போது அதே பேச்சு. நாளைக்கு வகுப்பு எடுக்க வர முடியுமா சார், புதுசாக நிறையப் பேர் கேட்கிறார்கள், ஸ்டெல்லாவும் வருகிறேன் என்றிருக்கிறார்கள் என்றார்.

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அவள் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். எதுக்கு இப்படிச் சொன்னே என்று கேட்டேன். சத்தமாகக் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் சீவுவதை நிறுத்தவில்லை. "உங்களுக்கு அதுதானே வேணும்? வெச்சுக்குங்க."

அக்டோபர் 28, சனி

மாடி நிறைந்திருந்தது. நாற்காலி போதாமல் கீழே ஆபீசிலிருந்து தூக்கிவந்தார்கள். டீ முதலில் எனக்கு வந்தது. சுத்தியலையும் தொங்கும் மனிதனையும் போர்டில் வரைந்தேன். என் பெயர்களையே சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பின்னால் இருந்த ஒரு பையன் பக்கத்திலிருப்பவனிடம், யூதாசைச் சொல்றாரு என்று விளக்கினான்.

முதல் வரிசையில் ஸ்டெல்லா. கேள்வி நேரத்தில் எழுந்தாள். கேள்வி கேட்கவில்லை. "நான் கெளம்பினப்புறம் அண்ணன் அன்னிக்கே வேணாம்னாராம். அந்தச் சொல்லு என் காதுக்கு வந்திருந்தா கடை என் கையில இருந்திருக்கும். எல்லாரும் அண்ணன் சொல்றதைக் கேட்டுக்குங்க" என்றாள். கைதட்டினார்கள். மூன்று வருடமாக நான் கேட்க நினைத்த சத்தம் அது.

நான் பேசினேன். "நான் வேணாம்னு சொல்லலை ஸ்டெல்லா. வாரப் படத்தைப் பார்த்தேன். எறங்கும்னு தெரிஞ்சுது. கண்ணு தெரியலைன்னு பொய் சொன்னேன். ரெஜினாவுக்கு அந்தப் படம் இருக்கறதே தெரியாது, நான்தான் காட்டிக்கொடுக்கலை" என்றேன்.

மனசாட்சி உறுத்திச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். பொய் எழுத முடியவில்லை. ரெஜினா தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு என் பெயரை எனக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறாள். அதை வாங்கி வைத்துக்கொண்டால் சாகும்வரை நான் அவளுக்குக் கீழேதான். அது பொறுக்காமல்தான் சொன்னேன்.

ஸ்டெல்லா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஹபிபுல்லா போர்டைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்காமல் துடைத்தார்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டிருந்தது. ரெஜினா சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் பூசை முடிந்ததும் மில்லைக் கழற்றுகிறார்கள், ஆள் பற்றாது, வாங்க என்றாள்.

அக்டோபர் 29, ஞாயிறு

போனோம். இருபது வருடத்து மாவு சுவரெல்லாம் படிந்திருந்தது. மோட்டாரைக் கழற்ற ஒரு மெக்கானிக், தூக்க அன்பியத்து ஆண்கள் இரண்டு பேர். தட்டுமுட்டுச் சாமான்களைப் பெண்கள் சாக்கில் கட்டினார்கள். கடையை வாங்கிய பேப்பர்க்காரர் வாசலில் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

என்னிடம் யாரும் வேலை சொல்லவில்லை. பேசவும் இல்லை. ரெஜினாவும் ஸ்டெல்லாவும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சல்லடைகளை அடுக்கினார்கள். நேற்று ராத்திரியே ரெஜினா அவளுக்குப் போன் பேசியிருப்பாள் போல. என்ன பேசினார்கள் என்று தெரியாது. ஸ்டெல்லா அவள் தோளில் கை வைத்து ஏதோ சொன்னாள். ரெஜினா புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். இரண்டு பேர் முகமும் மாவாக இருந்தது. அங்கே நின்று அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. கைதட்டலுக்கு வந்ததைவிட மோசமான பொறாமை.

சும்மா நிற்க முடியாமல், தானியம் கொட்டுகிற தகரக் கூம்பை ஒரு பக்கம் பிடித்துத் தூக்கப் போனேன். ஸ்டெல்லா வேகமாக வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். கோபமாக இல்லை. பாங்கில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் என்னிடம் பேசுவார்களே, அந்தக் குரல்.

"நீங்க வைங்க சார்" என்றாள். பிறகு திரும்பி, "அக்கா, இந்தப் பக்கம் ஒரு கை புடிங்க" என்றாள்.

ரெஜினா போய்ப் பிடித்தாள்.